ஸ்டாருக்குக் கீழே ஒரு பட்டி

அன்புள்ள தங்கைக்கு,

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய இரண்டு ஆர்டரையும் பார்த்தேன். ஒன்று, சிப்காட் தொழிற்பேட்டையில் ரோலிங் மில்களுக்குக் காவலுக்கு ஆள் அனுப்புகிற செக்யூரிட்டி ஏஜென்சியுடையது. சூப்பர்வைசர்களுக்குத் தோளில் மூன்று ஸ்டாரும், கீழே சிவப்பு நீலப் பட்டியும் வேண்டும் என்கிறார்கள். இன்னொன்று, ஒரு காலேஜ் நாடகக் குழு கேட்பது. இன்றைய ஜெர்மன் ராணுவத்தில் ஒரு கேப்டன், அவருக்குக் கீழே ஒரு ஃபெல்ட்வேபெல். முதல் ஆர்டரைக் கண்ணை மூடிக்கொண்டு தைத்துவிடலாம், ஜெர்மன்காரன்தான் கஷ்டம் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண்ணைத் திறந்துவைத்துத் தைக்க வேண்டியது முதல் ஆர்டரைத்தான். ஏன் என்று சொல்வதற்கு முன் ரேங்க் என்பதை நம் ஊர்த் தோளிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் ஸ்டாரை எண்ணக் கற்றுக்கொள்கிறார்கள். அது பாதி வேலைதான். போலீஸ் இன்ஸ்பெக்டருக்கும் மூன்று ஸ்டார், டி.எஸ்.பி.க்கும் மூன்று ஸ்டார். இன்ஸ்பெக்டருக்கு ஸ்டாருக்குக் கீழே சிவப்பு நீலப் பட்டி உண்டு, டி.எஸ்.பி.க்குக் கிடையாது. பட்டி உள்ளவர்தான் இல்லாதவருக்கு சல்யூட் அடிக்க வேண்டும். கூடுதலாக ஒன்று இருக்கிறதே, பெரிய பதவி போலிருக்கிறது என்று நினைத்துத் தைத்தால், டி.எஸ்.பி.யை ஒரு படி கீழே இறக்கிவிடுவாய்.

ராணுவத்திலும் இதே கணக்குதான். லெப்டினன்டுக்கு இரண்டு ஸ்டார். சுபேதாருக்கும் இரண்டு ஸ்டார், கூடவே ஒரு பட்டி. மேஜரின் தோளில் சிங்க முகச் சின்னம். சுபேதார் மேஜரின் தோளிலும் அதே சின்னம், கூடவே ஒரு பட்டி. பட்டி உட்கார வேண்டிய இடம் தோளின் வெளி ஓரம், கைத்தையலை ஒட்டி. ஸ்டார் அதற்கு உள்ளே, கழுத்தைப் பார்த்து வரிசையாகப் போக வேண்டும். சாக்பீஸால் நடுக்கோடு இழுத்துக்கொண்டு, முதலில் பட்டியைத் தைத்துவிட்டு அப்புறம் ஸ்டாருக்கு ஓட்டை போடு. ஸ்டாரை முதலில் வைத்தால் பட்டிக்கு இடம் போதாமல் கோணலாகும்.

அந்தப் பட்டிக்குள் ஒரு ஆளின் இருபது வருஷச் சர்வீஸ் இருக்கிறது. சிப்பாய், லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார் என்று பட்டாளத்துக்குள்ளேயே ஏறி வந்து நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் ஆகிறவர்களை ஜே.சி.ஓ. என்பார்கள். நாயப் சுபேதாருக்கு 1965 வரை ஜமேதார் என்று பெயர். பரங்கிமலை ஆபீசர்ஸ் ட்ரெய்னிங் அகாடமியில் பயிற்சி முடித்து, அப்பா அம்மா கையால் ஸ்டார் குத்திக்கொண்டு வருகிற லெப்டினன்டுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுதான் இருக்கும். அந்தப் பையனுக்கு நரைத்த மீசைக்காரர் சுபேதார் சல்யூட் அடிப்பார். பையனும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டான், ‘சாஹிப்’ என்றுதான் கூப்பிடுவான். ஆணையிடும் உரிமை ஒருவரிடம், அனுபவத்துக்கு உரிய மரியாதை இன்னொருவரிடம். இரண்டையும் ஒரே தோளில் போட்டுக் குழப்பாமல் பிரித்து வைக்கத்தான் அந்தப் பட்டி.

பட்டியைக் குறைச்சலாக நினைக்கிறவர்களுக்கு நான் சுபேதார் சுப்பிரமணியனைப் பற்றிச் சொல்வதுண்டு. காஞ்சிபுரம் பக்கத்துக்காரர், ராணுவத்தில் மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவு. ஆவடியும் அவர் ஊரும் அன்றைக்கு ஒரே செங்கல்பட்டு ஜில்லா. 1944 பிப்ரவரியில் இத்தாலியில் மின்யானோ என்ற இடத்தில், ஜெர்மானியர்கள் புதைத்துவைத்த கண்ணிவெடிகளை அகற்றும் குழுவில் இருந்தார். ஒரு வெடி தூண்டப்பட்டு, வெடிக்கச் சில நொடிகளே இருந்தபோது, கூட இருந்தவர்களைக் காப்பாற்ற அதன் மேல் தானே விழுந்து உயிரை விட்டார். ஜார்ஜ் கிராஸ் விருது அவர் இறந்த பிறகு வந்தது. ஆபீசர் அல்ல, சிப்பாயும் அல்ல, நடுவில் நின்றவர்.

இனி உன் ஜெர்மன் கேப்டன். ஆவடி டாங்கி ஃபாக்டரியில் தயாரான அர்ஜுன் டாங்கியின் 1400 குதிரைத்திறன் இன்ஜின் ஜெர்மனிக்காரர்கள் செய்தது. அதனால் அந்த நாட்டுப் பெயர் இங்கே எங்களுக்குப் பழக்கம். அவர்கள் ராணுவத்தைப் பற்றி மட்டும் நம் ஆட்களுக்கு சினிமாதான் பாடம். கறுப்பு உடை, நெஞ்சில் கழுகு, கையில் ஸ்வஸ்திகப் பட்டை. நாடகக் குழு அப்படி ஒரு படத்தைக் காட்டினால், அது ஹிட்லர் காலம், இன்றைய ராணுவம் அல்ல என்று முதலிலேயே சொல்லிவிடு.

இன்றைய ராணுவத்தின் பெயர் புண்டஸ்வேர். 1955 நவம்பர் 12 அன்று மேற்கு ஜெர்மனியில் தொடங்கியது. நம் தொழிலுக்கு அதில் ஒரு பாடம் உண்டு. ஹிட்லரின் பட்டாளத்தோடு எந்தச் சாயலும் வேண்டாம் என்று, முதல் சீருடையை அலங்காரமே இல்லாமல் மொட்டையாக வெட்டினார்கள். பழைய பின்னல் கயிற்றுத் தோள்களைக் கழித்துவிட்டார்கள். சிப்பாய்களுக்கே அந்தக் கோட்டு பிடிக்கவில்லை. குரங்குக் கோட்டு என்று கேலி செய்தார்கள். எதிர்ப்பக்கம் கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனியோ பழைய வெட்டையும் பின்னல் தோளையும் அப்படியே வைத்துக்கொண்டது. 1990 அக்டோபர் 3இல் நாடு ஒன்றானதும் அந்தப் பின்னல் தோள்கள் காணாமல் போயின. ஒரே மொழி பேசுகிற இரண்டு பட்டாளம் முப்பது வருஷத்துக்கு மேல் இரண்டு விதமான தோளோடு நின்றிருக்கிறது. எதை வைத்துத் தைக்கிறோம் என்பதோடு எதை விடுகிறோம் என்பதும் சீருடைதான்.

ரேங்க் அமைப்பு மூன்று தட்டு. சாதாரண வீரர்கள் அடித்தட்டு. அங்கே தோளில் சாய்வான கோடுகள். கெஃப்ரைட்டருக்கு ஒன்று, ஓபர்கெஃப்ரைட்டருக்கு இரண்டு என்று ஏறும். 2021இல் இந்தத் தட்டின் உச்சியில் கோர்ப்போரால், ஷ்டாப்ஸ்கோர்ப்போரால் என்று இரண்டு படி புதிதாகச் சேர்த்தார்கள், ஆபீசராகவோ ஃபெல்ட்வேபெலாகவோ போகாமல் வருஷக்கணக்கில் வேலை பார்க்கும் வீரனும் மேலே போக ஒரு வழி வேண்டும் என்று.

நடுத்தட்டு உன் ஃபெல்ட்வேபெலுடையது. இங்கே சாய்வுக்கோடு கிடையாது, தோள்பட்டியின் ஓரத்தைச் சுற்றி ஜரிகை ஓடும். உண்டர்ஆஃபிட்சியருக்கு அது அடியில் திறந்தே இருக்கும். அடுத்த படியில் அடியும் மூடிவிடும். ஃபெல்ட்வேபெலுக்கு மூடிய ஜரிகைக்குள் கூரை மாதிரி ஒரு கோணம். ஓபர்ஃபெல்ட்வேபெல் என்றால் இரண்டு கோணம். அடி திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதில் ஒரு பதவி உயர்வே அடங்கியிருக்கிறது. அதனால் ஜரிகையை வெட்டும் முன் இரண்டு முறை பார்.

மேல்தட்டு ஆபீசர்கள். லாய்ட்னன்டுக்கு ஒரு வெள்ளி ஸ்டார், ஓபர்லாய்ட்னன்டுக்கு இரண்டு, கேப்டனுக்குச் சமமான ஹவுப்ட்மனுக்கு மூன்று. மேஜரிலிருந்து கர்னல் வரை ஸ்டாரோடு வெள்ளி ஓக் இலை வளையம் சேரும். ஜெனரல்களுக்கு ஸ்டாரும் ஓக் இலையும் பொன்னிறம். ஸ்டாரை மட்டும் எண்ணுகிறவன் விழுகிற குழி இங்கேயும் உண்டு. 1993இல் ஷ்டாப்ஸ்ஹவுப்ட்மன் என்று ஒரு பதவி கொண்டுவந்தார்கள். ஃபெல்ட்வேபெல் வரிசையிலிருந்து தொழில்நுட்பத் திறமையால் மேலே வந்த ஆபீசர்களுக்கு அதுதான் உச்சிப்படி. தோளில் நான்கு ஸ்டார். ஜெனரலுக்கும் நான்கு ஸ்டார். ஒன்று வெறும் வெள்ளி, இன்னொன்று பொன்னும் இலையும்.

உன் ஹவுப்ட்மன் டாங்கிப்படைக்காரர் என்றால் காலரில் வரும் சின்னத் துணி பிங்க் நிறம். ஆம்பளைக்கு பிங்க்கா என்று நாடகப் பையன்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அங்கே டாங்கிக்காரன் பெருமையாகப் போட்டுக்கொள்ளும் நிறம் அது. பீரங்கிக்குச் சிவப்பு, இன்ஜினியர்களுக்குக் கறுப்பு. கள உடை கேட்டால் ஐந்து நிறப் புள்ளிகள் கலந்த துணி, இரண்டு கையிலும் மேல்பக்கம் சின்னதாக கறுப்பு, சிவப்பு, பொன் நிறக் கொடி. ஜெனரல் ஆகிவிட்டால் பிரிவு நிறம் போய் எல்லோருக்கும் ஒரே சிவப்பு. நம் ராணுவமும் 2023 ஆகஸ்ட் முதல் பிரிகேடியருக்கும் மேலே உள்ளவர்களுக்கும் ரெஜிமென்ட் வித்தியாசம் இல்லாத ஒரே சீருடையைக் கொண்டுவந்து, தோளில் தொங்கும் லேன்யார்டுக் கயிற்றையும் எடுத்துவிட்டது. உயர உயரத் தன் பிரிவின் அடையாளத்தைக் கழற்ற வேண்டும் என்பது இரண்டு நாட்டிலும் ஒன்றாகவே இருக்கிறது.

இன்னொன்றும் நாடகக்காரர்களிடம் சொல். யாராவது ஒருவரின் வலது தோளில் மஞ்சள் கயிறு தொங்கவிடச் சொன்னால் கேள்வி கேள். அந்தக் கயிறு ரேங்க் அல்ல, கம்பெனி ஃபெல்ட்வேபெல் என்ற பொறுப்பு. வீரர்களின் லீவு, சாப்பாடு, சண்டை சச்சரவு எல்லாம் பார்ப்பவர். கம்பெனியின் தாய் என்று செல்லமாகச் சொல்வார்கள். பொறுப்பை விட்டால் கயிறும் போய்விடும், ரேங்க் அப்படியே இருக்கும்.

அந்தக் கேப்டன் ஃபெல்ட்வேபெலைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருக்கிற மாதிரி காட்சி இருந்தால் அதையும் விசாரி. புண்டஸ்வேரில் ஸ்டார் கூடுதலாக இருக்கிறது என்பதற்காக எங்கே வேண்டுமானாலும், யாருக்கு வேண்டுமானாலும் ஆணையிட முடியாது. ரேங்கை மட்டும் காட்டி ஆணையிடுவது ஒரே கம்பெனிக்குள், அல்லது வேலியிட்ட ராணுவ வளாகத்துக்குள்தான் செல்லும். மனித மாண்பைக் குலைக்கும் ஆணைக்குக் கீழ்ப்படியாமல் இருந்தால் குற்றமில்லை என்றும், குற்றம் செய்யச் சொல்லும் ஆணைக்குக் கீழ்ப்படியவே கூடாது என்றும் 1956இல் போட்ட சிப்பாய்கள் சட்டத்தின் 11ஆம் பிரிவு சொல்கிறது. அடிமட்ட வீரனும் மேலதிகாரியைத் தாண்டி நேராக நாடாளுமன்றத்தின் ஆணையருக்குப் புகார் எழுதலாம். ஹிட்லருக்குக் கண்ணை மூடிக் கீழ்ப்படிந்த பட்டாளம் என்ன செய்தது என்று பார்த்துவிட்டு எழுதிய சட்டம் அது. அவர்கள் ரேங்கை ஒழிக்கவில்லை. ஒவ்வொரு ரேங்கும் எதுவரை போகலாம் என்று கோடு போட்டார்கள்.

இப்போது உன் முதல் ஆர்டருக்கு வருகிறேன். மூன்று ஸ்டார், சிவப்பு நீலப் பட்டி. அது போலீஸ் இன்ஸ்பெக்டரின் தோள். மில் கேட்டில் நிற்கிற சூப்பர்வைசருக்கு அதை மாட்டிவிட்டால், ராத்திரி ஷிப்டு முடிந்து வருகிற பீகார், ஒடிசாத் தொழிலாளி அவரை யார் என்று நினைப்பான்? பையைத் திறக்கச் சொன்னால் திறப்பான், ஸ்டேஷனுக்கு வா என்றால் நடுங்குவான். ஏஜென்சி உன்னிடம் கேட்பது துணி அல்ல, அந்த நடுக்கத்தைத்தான். தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளுக்கான 2005ஆம் வருஷச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, ராணுவம், போலீஸ் சீருடையையோ அதைப் போலத் தோன்றும் உடையையோ காவலாளிகள் போடக் கூடாது என்கிறது. போட்டால் போட்டவருக்கும் ஏஜென்சி முதலாளிக்கும் ஒரு வருஷம் வரை ஜெயில், ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எல்லா ஏஜென்சியும் செய்கிறது என்பார்கள். செய்யட்டும், உன் மிஷினில் வேண்டாம். தோளில் ஒன்றும் வைக்காமல், நெஞ்சில் ‘சூப்பர்வைசர்’ என்று தமிழிலும் இந்தியிலும் கொட்டை எழுத்தில் எம்பிராய்டரி போட்டுத் தருகிறேன் என்று சொல். வேலைக்காரனுக்கு யாரிடம் பேசுகிறோம் என்று தெரியும், சூப்பர்வைசருக்கும் மரியாதை குறையாது.

நாடக ஆர்டரில் அந்தப் பயம் இல்லை. சிப்பாய் என்று மற்றவர்களை நம்பவைக்கும் நோக்கத்தோடு நம் ராணுவ உடை போடுவதுதான் பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆம் பிரிவின்படி குற்றம். மேடையில் நடிப்பவன் யாரையும் அப்படி ஏமாற்றுவதில்லை. ஆனால் 2022 ராணுவ தினத்தில் வந்த புதிய காம்பாட் துணியில் யாராவது சட்டை கேட்டால் கை வைக்காதே. அந்த டிசைனை ராணுவம் தன் பெயரில் பதிவு செய்திருக்கிறது. வெளிக்கடையில் தைத்து விற்க அனுமதி இல்லை.

கடைசியாக ஒரு பழக்கம். ஸ்டார், பட்டி, கோடு எது தைத்தாலும் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பார். இன்ஸ்பெக்டர் கோபிக்க மாட்டார். கோபிக்கிறவருக்குத் தைக்காதே. அளவு நோட்டில் சுற்றளவு, நீளத்துக்குப் பக்கத்தில் ரேங்கையும் எழுதி, பில்லிலும் அதையே போடு. பதவி உயர்வு வந்தவர் திரும்ப வந்தால், பழைய தோளைப் பிரித்துப் புதுசு வைக்கக் கூலி வாங்காதே. நான் வாங்குவதில்லை. அதனாலேயே அவர்கள் அடுத்த சட்டைக்கும் வேறு கடைக்குப் போவதில்லை.

ஜெர்மன் ஜரிகை சரியாக வருமா என்று சந்தேகம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை துணியை எடுத்துக்கொண்டு கடைக்கு வா. உட்கார்ந்து வெட்டிக்கொள்வோம்.

அன்புடன்,
ஆவடி அண்ணன்