பெறாமகனுக்கு ரை றொட் பற்றி ஒரு கடிதம்

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள பெறாமகனுக்கு,

பெரியப்பா எழுதுவது. 

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கி வடிவாகப் பார்த்தேன். உன் சில்வராடோ பிக்கப்பில், ஸ்ரியரிங்கைச் சில்லோடு இணைக்கிற இடப்பக்க ரை றொட், மரை தொடங்குகிற மெல்லிய இடத்தில் வளைந்திருக்கிறது. பலமான றொட் ஒன்று மாற்றினால் காணுமோ என்று கேட்டிருக்கிறாய். காணாது, தம்பி. ஏனென்று விளங்கிக்கொண்ட பிறகு காசைச் செலவழி.

ஓட்டப்போட்டியில் புறப்படும்போது நீ பிறேக்கை மிதித்தபடி ரேர்போவில் அமுக்கம் ஏற்றி, நாலு சில்லுக்கும் இழுவை கொடுத்து ஒரேயடியாக விடுகிறாய். அப்போது முன்சில்லின் இழுவை, அது திரும்புகிற அச்சுக்கு வெளிப்பக்கமாக விழுகிறது. அதனால் இரண்டு சில்லும் மூக்கை உள்ளுக்குத் திருப்பப் பார்க்கும். அதைத் தடுத்து நிற்பது ரை றொட். இழுபட்ட கம்பி வளையாது, உன்னுடையது நெரிபட்டிருக்கிறது. ஈர்க்கு ஒன்றை இரண்டு விரலுக்கிடையில் வைத்து அமத்திப் பார். நீளமானது உடனே வளையும். பாதியாக முறித்தால் நாலு மடங்கு தாங்கும். தடிப்பு அதைவிடப் பெரிய விசயம். 16 மில்லிமீற்றர்க் கம்பி 20 ஆனால், வளையாமல் நிற்கும் பலம் ஏறக்குறைய இரண்டரை மடங்காகும். மெல்லிய பகுதிக்கு மேலே உருக்குக் குழாய் போட்டு இறுக்குவது இதற்காகத்தான். அந்தக் குழாய் ஆடாமல் இறுக்கமாக இருக்கவேண்டும். ஆடினால் அது வெறும் பாரம்.

2001 இல் டியூராமக்ஸ் எஞ்சினோடு வந்த உன் வண்டியின் வரிசையில் முன்சில்லு இரண்டும் தனித்தனியாக அசையும். போர்ட்டும் ராமும் நாலு சில்லும் இழுக்கிற தங்கள் பாரமான பிக்கப்புகளில் முன்னுக்கு முழு அச்சு வைத்தன. உன்னுடையதில் பாய்ச்சலின்போது முன்பக்கம் எழும்ப, றொட் சரிந்து நிற்கும். சரிவு கூடக்கூட நெரிவும் கூடும். வடிவுக்காக, ஸ்பிறிங்குக்குப் பதிலாக இருக்கிற ரோசன் பாரை முறுக்கி முன்பக்கத்தை உயர்த்தியிருந்தால், முதலில் அதை இறக்கு. முன்பக்கம் ஓர் அளவுக்கு மேல் எழும்பாமல் பட்டி போட்டுக் கட்டு. செலவு குறைந்த வேலை இது, பலன் பெரியது.

பிறகுதான் றொட். றொட் வளையாது என்றானதும் அந்த விசை, நடுக்கம்பியை இரண்டு பக்கமும் தாங்குகிற ஐட்லர் ஆமிலும் பிற்மன் ஆமிலும் போய் ஏறும். அவை முறுகினால் நடுக்கம்பி சரிந்து, நீ போட்ட பலமான றொட்டையும் கொண்டுபோகும். ஆகவே இரண்டு ஆமுக்கும் தாங்கி போடு. ஸ்ரியரிங் பெட்டி பூட்டியிருக்கிற சசியில் வெடிப்பு இருக்கிறதா என்று பார். சில்லில் தொடங்கிச் சசி வரைக்கும் ஒரே வேலையாகச் செய்.

வளைந்த றொட்டை நிமிர்த்தாதே, வெல்டிங்கில் ஒட்டாதே. 1990 இல் பொருளாதாரத் தடை வந்தபோது, பெற்றோல் துளி விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஒஸ்ரினையும் மொறிஸ் மைனரையும் ஓட வைத்த ஊர் இது. இல்லாத சாமானைக் கடைந்தெடுத்துப் பூட்டிய கைகள் எங்களுடையவை; அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் ஸ்ரியரிங்கில் அந்தக் கெட்டித்தனம் செல்லாது. ஒட்டின சூட்டில் உருக்கின் பதம் கெடும். பந்து மூட்டின் கிறீசும் கருகும். நிமிர்த்தின இடத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு நிற்கலாம்.

மற்றப் பாகங்களில் அப்படியான வெடிப்பைக் கண்டுபிடிக்கிற வழி பழையது. பாகத்தைக் கழுவி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, வெள்ளைச் சோக்குத் தூள் பூசு. வெடிப்பு இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து, கொஞ்ச நேரத்தில் மயிரிழை போல ஓர் ஈரக் கோடு தெரியும். கோடு தெரிந்தால் யோசிக்காதே, எறி. பூட்டுநட்டுகளுக்குக் குறுக்கே பெயின்றால் ஒரு கோடு கீறி வை. கோடு விலகினால் நட்டு இளகிவிட்டது. பம்பருக்குக் கீழே போனைக் கட்டி, புறப்படும் நேரத்தை மெதுவாக ஓடும் படமாக எடு. சில்லின் மூக்கு உள்ளுக்கு அசைகிறதா என்று அதில் பார். அசைந்தால் அமுக்கத்தைக் கூட்டாதே.

2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை பொக்ஸ் ஹில் கார் ஓட்டப்போட்டியில் பாதையை விட்டு விலகிய கார் ஒன்று ஆட்களுக்குள் புகுந்ததில் 7 பேர் செத்தார்கள். ஒரு சிறுமியும் அதில் அடக்கம். அதன் காரணத்தைப் பற்றி நான் பேசவில்லை. கைக்கு அடங்காத வாகனம் ஓட்டுபவனோடு நின்றுவிடாது என்பதை மட்டும் மனதில் வை.

நீ கயூகா பந்தயப் பாதையில் ஓடிவிட்டு அதே வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஹைவேயில் வீட்டுக்குப் போகிறாய். ஓட்டம் முடிந்ததும் ஜக் அடித்துச் சில்லை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார். துளி ஆட்டம் இருந்தாலும் வண்டியை லொறியில் ஏற்று. அதற்குக் காசில்லை என்றால் எனக்குச் சொல்லு, நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா