ஒத்தை சாக்ஸ் எங்கே போச்சு? அக்கா சொல்றேன் கேளு

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன்டி. சாக்ஸை வாஷிங் மெஷின் முழுங்கிடுச்சுன்னு எல்லாரும் சொல்றோமே, அது பாதிதான் உண்மை. நான் பார்த்த வரைக்கும் முக்கால்வாசி ஜோடிகள் மெஷினுக்குப் போறதுக்கு முன்னாடியே பிரிஞ்சிடுது. ஸ்கூல் விட்டு வர்ற பிள்ளை ஒண்ணை ஹால்ல கழட்டிப் போடும், இன்னொண்ணு ஷூவுக்குள்ளயே சுருண்டு கிடக்கும். அழுக்குக் கூடைக்கு வந்து சேர்றப்பவே எண்ணிக்கை ஒத்தைப்படையாதான் இருக்கும். அதனால முதல்ல ஷூவைக் கவிழ்த்துத் தட்டு. ஸ்கூல் பையோட அடிப்பக்கம், சோபா இடுக்கு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கிற சந்து, இதெல்லாம் பார்த்து முடிச்சிட்டு மெஷின் பக்கம் வா.

ஃப்ரன்ட் லோட் மெஷின்னா, கதவைச் சுத்தி சாம்பல் கலர்ல தடிமனா ஒரு ரப்பர் இருக்கும். கேஸ்கெட்னு சொல்வாங்க. அதோட மடிப்புக்குள்ள, முக்கியமா அடிப்பக்கம், விரலை விட்டுத் தடவிப் பாரு. குழந்தை சாக்ஸ் அங்கதான் பதுங்கியிருக்கும், கூடவே ஹேர்பின், முடி, ஒரு ரூபாய்க் காசு. துணியைத் திணிச்சுப் போட்டா சின்ன சாக்ஸ் அந்த ரப்பருக்கும் டிரம்முக்கும் நடுவுல நழுவி வெளித்தொட்டிக்குப் போயிடும். அங்கிருந்து தண்ணியோட அடிச்சுக்கிட்டுப் போய் டிரெயின் பக்கம் அடைச்சுக்கும். அப்புறம் தண்ணி இறங்காம மெஷின் பாதியில நின்னு எரர் காட்டும்.

அப்படி நின்னா உடனே சர்வீஸுக்குப் போன் போடாதே. பெரும்பாலான ஃப்ரன்ட் லோட் மெஷின்ல முன்பக்கம் கீழ் மூலையில ஒரு சின்ன மூடி இருக்கும், அதுக்குள்ளதான் ஃபில்டர். ஸ்விட்சை அணைச்சு, பிளக்கையும் பிடுங்கிடு. சுடுதண்ணியில துவைச்சிருந்தா ஆறவிடு. அகலமான தட்டு ஒண்ணைக் கீழே வச்சு, பழைய துண்டை விரி. மூடியைத் திறந்ததும் உள்ளே குட்டி ரப்பர் குழாய் இருந்தா முதல்ல அது வழியா தண்ணியை வடிச்சிடு. அப்புறம் ஃபில்டரை இடப்பக்கமா மெதுவாத் திருகு. ஒரேயடியா உருவினா சமையலறை குளமாயிடும். கொஞ்சம் திருகு, தண்ணி வடியட்டும், மறுபடி திருகு. காணாமப் போன சாக்ஸ் கறுப்பா, நூல் நூலா கூட அங்கேயிருந்து வரும். கழுவி, இறுக்கமா மூடி, ஒரு தடவை வெறும் தண்ணி ஓட்டி ஒழுகுதான்னு பார்த்துட்டு அப்புறம் துணி போடு.

டாப் லோட்ல கதை வேற. டிரம் விளிம்பு வரைக்கும் துணி போட்டா, மேலே மிதக்கிற சாக்ஸ் விளிம்பைத் தாண்டி வெளித்தொட்டிக்குள்ள விழுந்துடும். அதை எடுக்கணும்னா மெஷினைப் பிரிக்கணும், அது நம்ம வேலை இல்லை. ரெண்டு மெஷினுக்குமே டிரம்மோட மேல் பாகத்துல ஒரு கையளவாவது காலியா விட்டுடு.

ஸ்பின் முடிஞ்சதும் டிரம் சுவரைச் சுத்தி ஒரு தடவை கையால தடவிடு. ஈர சாக்ஸ் அப்பளம் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. முழுக்கைச் சட்டையோட கை, ஜீன்ஸ் கால், தலையணை உறை, எலாஸ்டிக் வச்ச பெட்ஷீட்டோட மூலை, இந்த நாலையும் காயப்போடும்போதே உதறு. வெளிநாட்டுல டிரையர் போடுறவங்களுக்கு இன்னொரு தொல்லை: சூடும் உராய்வும் சேர்ந்து நைலான், பாலியஸ்டர் துணியில நிலைமின்சாரம் ஏறி, சாக்ஸ் ஸ்வெட்டர் முதுகுல ஒட்டிக்கும்.

மொட்டை மாடிக் கொடியில காயப்போட்டா சாக்ஸுக்கு ஒரு கிளிப்னு தனித்தனியா மாட்டாதே, ஜோடிக்கு ஒரு கிளிப். ரெண்டையும் சேர்த்து, விரல் பக்கமா மாட்டு. மேல் விளிம்புல மாட்டினா எலாஸ்டிக் தொளதொளன்னு ஆயிடும். ஆடிக் காத்து அடிக்கிற மாசத்துல மாடியை நம்பாதே, பால்கனி ஸ்டாண்டுலயே நிழல்ல காயட்டும்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்குக்கு வரேன். ராபர்ட் மேத்யூஸ்னு ஒரு பிரிட்டிஷ் இயற்பியல்காரர், ஒத்தை சாக்ஸைப் பத்தியே 1996ல கணித ஆராய்ச்சியா எழுதினார். உன்கிட்ட வேற வேற டிசைன்ல 10 ஜோடி இருக்குன்னு வை. ஒண்ணு தொலைஞ்சுது. மிச்சம் 19. அதுல தொலைஞ்சதோட துணை ஒண்ணே ஒண்ணுதான், மத்த 18ம் ஜோடியா இருக்கிறவை. அப்போ அடுத்து தொலையறது புது ஜோடியை உடைக்கத்தான் 19க்கு 18 வாய்ப்பு. இப்படியே 6 சாக்ஸ் போச்சுன்னா, ஆறும் ஆறு ஜோடியிலிருந்து போய், நாலே நாலு ஜோடி மிஞ்ச 100க்கு கிட்டத்தட்ட 35 வாய்ப்பு இருக்கு. மூணே மூணு ஜோடி முழுசாப் போய் ஏழு ஜோடி நல்லபடியா மிஞ்ச 1000க்கு 3 வாய்ப்புதான். மோசமா முடியற வாய்ப்பு நூறு மடங்குக்கும் மேல! உன் வீட்டுல மட்டும் இப்படி ஆகுதுன்னு நொந்துக்காதே. எண்களோட குணமே அதுதான்.

ஆனா பத்து ஜோடியும் ஒரே கலர், ஒரே அளவா இருந்தா? ஆறு போனாலும் 14 மிஞ்சும், ஏழு ஜோடி முழுசா கிடைக்கும். நான் சொல்ற எல்லா டிப்ஸிலயும் இதுதான் உசத்தி. வீட்டுக்காரருக்கு ஆபீஸ் சாக்ஸ் வாங்கினா ஒரே பிராண்டுல, ஒரே கலர்ல மொத்தமா வாங்கிடு. பூப்போட்டது, கார்ட்டூன் போட்டதெல்லாம் பிறந்தநாளுக்கு ஒரு ஜோடி போதும்.

சரி, ரெண்டு பிள்ளைங்க ஒரே ஸ்கூல்ல படிச்சா சாக்ஸ் தானா ஒண்ணாத்தான் இருக்கும், அளவுதான் குழப்பும். அந்தக் காலத்துல சலவைத் தொழிலாளிகள் நூறு வீட்டுத் துணியை மாறாம திருப்பிக் கொடுத்தாங்களே, எப்படி? சேங்கொட்டைச் சாறால வீட்டுக்கு ஒரு குறி போட்டு வைப்பாங்க, எத்தனை தடவை வெளுத்தாலும் போகாது. அந்தச் சாறு தோல்ல பட்டா கொப்பளிச்சிடும், அதனால நமக்கு வேண்டாம். பெரியவனுக்கு சிவப்பு, சின்னவளுக்கு மஞ்சள்னு விரல் முனையில வெளிப்பக்கமா ரெண்டு தையல் போடு. ஷூவுக்குள்ள மறைஞ்சிடும், ஸ்கூல்லயும் யாரும் கேக்க மாட்டாங்க.

2016ல சாம்சங் பிரிட்டன்ல செய்ய வச்ச ஆய்வுல, ஆளுக்கு மாசம் சராசரியா 1.3 சாக்ஸ் தொலையறதா கணக்கு வந்துச்சு. துணியை எத்தனை ரகமாப் பிரிச்சுத் துவைக்கிறோமோ அத்தனைக்குத் தொலையற வாய்ப்பும் கூடும்னு அதுல ஒரு சூத்திரமே போட்டாங்க. எனக்கு அது சரின்னுதான் படுது. வெள்ளை இன்னைக்கு, கலர் நாளைக்குன்னு பிரிக்கிறப்ப ஒண்ணு முன்னாடி போகும், ஒண்ணு கூடையிலயே தங்கும். இதுக்கு ஜிப் வச்ச வலைப் பை வாங்கு, ஆளுக்கு ஒண்ணு. ஷூ ஸ்டாண்டு ஆணியிலயே அதை மாட்டு. கழட்டின சாக்ஸ் நேரா அதுக்குள்ள. முக்கால் பை நிறைஞ்சா ஜிப்பை மூடி அப்படியே மெஷின்ல போடு. பையோட மாடிக்குப் போகட்டும், கொடிக்குப் பக்கத்துல வச்சு ஜிப்பைத் திற.

இவ்வளவும் செஞ்சும் ஒத்தையா நிக்கிறதை பீரோவுல ஒரு டப்பாவுல போடு. ஒரு மாசம் பாரு. துணை வரலைன்னா கையில மாட்டிக்கிட்டு ஃபேன் துடைக்கலாம்: லேசா நனைச்சு, இறக்கையை மேலும் கீழுமா பிடிச்சு அடியிலிருந்து நுனி வரைக்கும் ஒரே இழுப்பு. தூசு தலையில கொட்டாம சாக்ஸோட வந்துடும், உள்பக்கம் வெளியா கழட்டி அப்படியே குப்பையில போட்டுடு.