பேச்சு வராத பிள்ளையோடும் பேசலாம்



மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு உறுப்பினர் தொடர்ந்து வரவில்லை. சேமிப்புப் பணம் மட்டும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் வந்தது. வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

"எம் பையன் கூட்டத்துல கத்துறான் மேடம், கையைக் கடிச்சுக்கிறான். எல்லாரும் என்னையத்தான் பாக்குறாங்க" என்று அழுதார். பையனுக்கு ஆறு வயது. ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பேச்சு வரவில்லை.

அப்போதும் கத்தினான். அம்மா கையை ஓங்கிவிட்டார். ஆனால் அவன் பார்வை தண்ணிக் குடத்து மேலேயே இருந்தது. ஒரு டம்ளர் தண்ணி கொடுத்தோம். அழுகை நின்றது. தாகம் என்று சொல்லத் தெரியாமல்தான் அத்தனை கத்தல்!

பேச்சு வரவில்லை என்றால் சொல்ல ஒன்றுமில்லை என்று அர்த்தம் இல்லை. ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு. சாபமோ, தாயின் வளர்ப்போ காரணம் இல்லை.

நாம் செய்யக்கூடியவை:

1. முதலில் காது பரிசோதனை செய்யுங்கள். காது கேட்காவிட்டாலும் பேச்சு வராது.

2. சுருக்கமாகப் பேசுங்கள். "வா, சாப்பிடு" போதும்.

3. கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். சில பிள்ளைகளுக்குப் பதில் வர நேரமாகும்.

4. வாழைப்பழம், பிஸ்கட் இரண்டையும் காட்டி "எது வேணும்?" என்று கேளுங்கள். கை காட்டினால் அதுவும் பதில்தான்.

5. தண்ணி, சாப்பாடு, கக்கூஸ், வலி என்று அட்டையில் படம் வரைந்து வையுங்கள். படம் காட்டிப் பழகினால் பேச்சு வராது என்ற பயம் வேண்டாம். அது பேச்சைத் தடுக்காது.

6. நாம் சொன்னதையே திருப்பிச் சொன்னால் கேலி என்று நினைக்காதீர்கள். கண்ணைப் பார்த்தே பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும், பேச்சு மற்றும் மொழிக் குறைபாடும் உண்டு. அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள்.

அந்தப் பையனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. ஆனால் தாகம் எடுத்தால் தண்ணி அட்டையை எடுத்து நீட்டுகிறான். அம்மா கூட்டத்துக்கு வருகிறார். அவர் கணக்கு எழுதும் நேரம் மற்ற உறுப்பினர்கள் முறை வைத்துப் பையனைப் பார்த்துக்கொள்கிறார்கள். "ஊமை" என்று யாரும் கூப்பிடக் கூடாது என்று தீர்மானமும் போட்டிருக்கிறார்கள்.

குழுவில் பேசுங்கள்:

* நம் ஊரில் இப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்?
* பிள்ளையை வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு வர முடியாத தாய் நம் குழுவில் யார்? அவருக்காக நாம் என்ன செய்யப் போகிறோம்?