பேறுகாலமும் பணிப் பாதுகாப்பும்

கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் ஒருபுறம் உழைப்பாளி. மறுபுறம் வேலை கொடுப்பவர். நெசவாளர் சங்கத்தின் விற்பனை நிலையத்தில் சேலை விரித்துக் காட்டும் பெண்ணுக்கும், விளைபொருள் சங்கத்தின் கிடங்கில் கணக்கெழுதும் பெண்ணுக்கும் ஊதியம் அளிப்பது சங்கமே. ஆதலின், அப்பெண் கருவுற்ற காரணத்தால் வேலை இழப்பாளாயின், அப்பழி நிருவாகக் குழுவோடு நில்லாது. அக்குழுவைத் தேர்ந்தெடுத்த நம் அனைவரையும் சாரும்.

‘கருவுற்றாய், ஆகவே நீங்கு’ என்று எவரும் எழுதிக் கொடுப்பதில்லை. ‘வியாபாரம் மந்தம்’ என்பர். ‘ஒப்பந்தக் காலம் முடிந்தது’ என்பர். அல்லது, ‘இப்போது விலகல் கடிதம் கொடுத்துவிடம்மா, பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று கனிவாகவே கேட்பர். வழி எதுவாயினும் விளைவு ஒன்றே: செலவு மிகும் காலத்தில் வருவாய் நிற்கிறது.

இதனைத் தடுக்கச் சென்னை மாகாணத்தில் 1934-ஆம் ஆண்டிலேயே பேறுகால உதவிச் சட்டம் இயற்றப்பட்டது. 1961-இல் இந்தியா முழுமைக்குமான சட்டம் வந்தது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம், ஊதியத்துடன் கூடிய விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது. 2020-இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தபின், இவ்விதிகள் அதனுள் அடங்கியுள்ளன. அவற்றுள் உறுப்பினர் மனத்திற் கொள்ள வேண்டியவை வருமாறு:

1. தொழிற்சாலைகளும், 10 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் கடைகளும் நிறுவனங்களும் இவ்விதிகளுக்குக் கட்டுப்பட்டவை.

2. எதிர்பார்க்கும் பிரசவ நாளுக்கு முந்திய 12 மாதங்களில் 80 நாள்களேனும் பணிபுரிந்த பெண் உதவிக்கு உரியவள். உயிருடனுள்ள குழந்தைகள் இருவரோ அதற்கு மேலோ இருப்பின், விடுப்பு 12 வாரமாகும். கருச்சிதைவு நேரின் 6 வாரம் உண்டு.

3. பேறுகால விடுப்பிலிருக்கும்போது அவளை நீக்குவதும், அவ்விடுப்புக்குள் முடியுமாறு முன்னறிவிப்புத் தருவதும், பணி நிபந்தனைகளை அவளுக்குப் பாதகமாக மாற்றுவதும் சட்டவிரோதம்.

4. கருவுற்றிருக்கும் காலத்தில் நீக்கினாலும், உதவித் தொகையை மறுத்தல் இயலாது. பெருங்குற்றம் புரிந்ததாக எழுத்து மூலம் ஆணையிடப்படுவது ஒன்றே விதிவிலக்கு. அதனை எதிர்த்தும் 60 நாள்களுக்குள் உரிய அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம்.

‘அவள் தினக்கூலிதானே’ என்னும் வாதம் செல்லாது. டில்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்கள் வழக்கில், அவர்களுக்கும் இவ்வுரிமை உண்டென 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உதவிக் காலத்தின் இடையே ஒப்பந்தம் முடிவுற்றாலும் முழுக் காலத்திற்கும் உதவி தர வேண்டுமென 2023-இல் அதே நீதிமன்றம் கூறியது.

விலகல் கடிதம் மட்டும் வேறு. தானே விலகியதாக எழுதிக் கொடுத்தபின், நீக்கப்பட்டதாக மெய்ப்பித்தல் அரிது. ஆகவே ஊழியப் பெண்கள் விலகல் கடிதத்தில் கையொப்பமிடாது, மருத்துவச் சான்றுடன் விடுப்பு விண்ணப்பமே அளித்தல் வேண்டும். பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிப் படியொன்றை வீட்டில் வைத்திருத்தல் நன்று.

‘சிறு சங்கம் இச்செலவைத் தாங்குமா?’ என வினவுவோர் உண்டு. ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் தகுதி பெற்ற ஊழியர்க்குப் பேறுகாலத் தொகையை அக்காப்பீட்டு நிறுவனமே வழங்குகிறது. ஏனைய சங்கங்கள் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலேயே தொகை ஒதுக்கலாம்; விடுப்புக் காலத்திற்கு மட்டும் மாற்றாள் அமர்த்தலாம். பத்துப் பேருக்குக் குறைந்த சங்கங்களும் தம் பணிநிலை விதிகளில் இவ்வுரிமையைச் சேர்த்தல் தகும்.

தம் வீட்டுத் தறியில் நெய்து கூலி பெறும் உறுப்பினப் பெண் பெரும்பாலும் ஊழியர் என்னும் சொல்லுக்குள் அடங்காள். அவள் கருவுற்றவுடன் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்குத் தனக்குத் தகுதி உண்டா எனக் கேட்டறிதல் வேண்டும். பிரசவத்திற்குப் பின் அவள் மீண்டும் வரும்போது பாவும் நூலும் மறுக்கப்படாதிருத்தல் சங்கத்தின் பொறுப்பு.

பயிற்சி வினாக்கள்

1. நம் சங்கத்தில் ஊதியம் பெறுவோர் எத்தனை பேர்? அவர்களுள் பெண்கள் எத்தனை பேர்?

2. பேறுகால உரிமைகள் பணியில் சேரும்போதே அவர்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்கப்பட்டனவா?

3. இவ்வாண்டுத் திட்டத்தில் இதற்கென ஒதுக்கிய தொகை யாது?

அடுத்த பேரவைக் கூட்டத்தில் இம்மூன்றையும் உறுப்பினர் எவரும் எழுந்து கேட்கலாம். விடையளித்தல் நிருவாகக் குழுவின் கடமை.