வருகைக் கணக்கும் விளக்கப்படமும்

அரசுத் துறையின் இணையதளத்திற்கு மட்டோமோ போன்ற வருகைப் பகுப்பாய்வு மென்பொருள் வேண்டுமா, பவர் பிஐ போன்ற விளக்கப்படக் கருவி வேண்டுமா என வினவுவதே சற்றுப் பிழையானது. முன்னது தரவைத் திரட்டுவது. பின்னது திரட்டியதை வரைந்து காட்டுவது.

2007-இல் பிவிக் என்ற பெயரில் தோன்றிய மட்டோமோவைத் துறையின் சொந்தக் கணினியிலேயே நிறுவலாம். வருகையாளரின் இணைய முகவரியில் இறுதிப் பகுதியை மறைத்தே பதியலாம். அந்தரங்கம் அடிப்படை உரிமையென உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. எனவே இவ்வசதி சிறிதன்று.

விளக்கப்படத்திலோ இடர் வேறிடத்தில் உள்ளது. மருத்துவ உதவி பெற்றோரை ஊர்வாரியாகவும் நோய்வாரியாகவும் பிரிக்கையில் ஒரு கட்டத்தில் ஒருவரே எஞ்சினால், பெயர் இல்லாவிடினும் ஊரார் அவரை அறிவர். அத்தகைய சிற்றெண்களை மாவட்ட அளவில் தொகுத்தே வெளியிடல் வேண்டும்.