புகையின் பழி யாரைச் சாரும்?

தசலட்சணப் பர்வத்தின்போது நாம் நடத்திய அறநெறி வகுப்பில் ஒரு மாணவி வினவினாள்: "தேவையற்ற விளக்கை அணைக்கச் சொல்கிறீர்கள். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி இரவும் பகலும் புகைகிறதே! என் ஒரு விளக்கை அணைத்து என்ன பயன்?" சிறு துளி பெரு வெள்ளம் என்று கூறி அன்று முடித்துவிட்டோம். அவ்விடை அவளுக்கும் நிறைவு தரவில்லை, நமக்கும் தரவில்லை. ஆகவே அவ்வினாவையே இங்குப் பாடமாகக் கொள்வோம்.

முதலில் உண்மை நிலையை அறிவோம். 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வறிக்கை, 1988 முதல் தொழில்துறை வெளியிட்ட பசுமை இல்ல வாயுக்களில் 71 விழுக்காடு, நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எடுக்கும் 100 உற்பத்தியாளர்களோடு தொடர்புடையது எனக் கூறிற்று. இவற்றுள் தனியார் நிறுவனங்களும் உண்டு; நம் நாட்டின் கோல் இந்தியா போன்ற அரசு நிறுவனங்களும் உண்டு. ஆயின் அந்நிறுவனங்களின் கணக்கில் ஏறிய வாயுக்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு, அவர்கள் விற்ற எரிபொருளைப் பிறர் எரித்தபோது எழுந்தது என்பதையும் அவ்வறிக்கையே கூறுகிறது. எனவே, விற்றவர் கணக்கிலும் எரித்தவர் கணக்கிலும் எழுதப்படுவது ஒரே புகைதான்.

அங்ஙனமாயின் பழியைப் பாதி பாதியாகப் பங்கிடலாமா? நம் ஆகமம் அவ்வாறு கூறவில்லை. வினை வரவை விளக்கும் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம், தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என மூன்றையும் வினைக்கு வாயிலாகவே காட்டுகிறது. எண்ணுதல், கருவி திரட்டுதல், தொடங்குதல் என்னும் மூன்றையும், மனம், மொழி, மெய் என்னும் மூன்றையும், கோபம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கையும் இவற்றோடு பெருக்க 108 வகையாகும். பலர் பங்கு கொள்வதால் ஒருவருடைய வினை குறைவதில்லை.

எனினும் எல்லார் வினையும் ஒரே அளவினதன்று. பாவத்தின் தீவிரம், அறிந்து செய்தமை அல்லது அறியாது செய்தமை, கருவி, ஆற்றல் ஆகியவற்றால் வினை வரவு வேறுபடும் என்று அதே அத்தியாயம் உரைக்கிறது. இவ்வளவுகோலைக் கொண்டு நோக்குவோம். எக்ஸான் நிறுவனத்தின் அறிவியலார் 1977-இலேயே தம் மேலாளர்க்குப் புவி வெப்பமடைவது பற்றி எடுத்துரைத்தனர். அவர்தம் கணிப்புகளில் பெரும்பாலானவை பின்னர்க் கண்ட வெப்பத்தோடு பொருந்தின என 2023-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அந்நிறுவனமோ பல்லாண்டுகள் பொதுமக்களிடையே ஐயத்தையே வளர்த்தது. இஃது அறிந்து செய்தது. மாயையும் லோபமும் கலந்தது. பி.பி. என்னும் எண்ணெய் நிறுவனம் 2004-இல், ஒவ்வொருவரும் தம் 'கார்பன் தட'த்தைத் தாமே கணக்கிடும் கருவியை இணையத்தில் வெளியிட்டது. கணக்குப் பார்ப்பது நன்றே. ஆனால் விற்பவர் தம் கணக்கை மறக்க அது துணையாகிவிடலாகாது.

நிறுவனத்திற்கு உயிர் இல்லை. ஆதலின் வினை அதனைப் பற்றுவதில்லை. அதனுள் அமர்ந்து அறிந்தும் ஆற்றலிருந்தும் தீர்மானிக்கும் மனிதரையே பற்றும். அதன் இலாபத்தில் மகிழும் பங்குதாரர்க்கும் உடன்பட்ட பழி உண்டு.

இல்லறத்தார் செய்யத்தக்கது யாது? பயணத்திற்கு எல்லை வகுக்கும் திக்விரதமும், பயனற்ற தீங்கை விலக்கும் அனர்த்ததண்ட விரதமும், நுகர்ச்சியை அளவுபடுத்தும் போகோபபோக பரிமாணமும் முன்பே நமக்கு வகுத்தளிக்கப்பட்டுள்ளன. இவை தானே செய்யும் வினைக்குக் காப்பு. உடன்படும் வினைக்குக் காப்பு வேறு வேண்டும். 2022-23 முதல் இந்தியாவில் பங்குச் சந்தையின் முதல் 1000 நிறுவனங்கள் சுற்றுச்சூழல் பொறுப்பு பற்றிய அறிக்கை அளித்தல் கட்டாயமாயிற்று. பங்கு வைத்திருப்போர் இலாபப் பக்கத்தோடு நின்றுவிடாது அதனையும் படித்தல் வேண்டும், வினவுதல் வேண்டும், நிறைவில்லையேல் விலகுதல் வேண்டும்.

அம்மாணவிக்கு இனி நாம் கூறும் விடை இது: விளக்கை அணைப்பது உன் உயிரைக் காக்கும் கடமை. புகைபோக்கியை ஆள்வோரை வினவுவது ஓரறிவுயிர் முதலாகப் பிறவுயிர் அனைத்தையும் காக்கும் கடமை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை விடலாகாது.

சிந்தனைக்கு:
1. சென்ற திங்களில் நாம் தவிர்த்திருக்கக்கூடிய பயணம் எது?
2. நம் சேமிப்பு எத்தொழிலை வளர்க்கிறது?
3. அறிந்தும் நாம் வாய் திறவாதிருந்த இடம் எது?