மூடிய பக்கமும் மூடிய கட்டளையும்

எழுத்தைத் தடுப்பது அரசுகளுக்குப் புதிய வேலை அன்று. 1987 ஏப்ரல் திங்களில், இதழின் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. எங்கும் கண்டனம் எழுந்தது. சில நாட்களிலேயே அவர் விடுதலையானார். பின்னர் வழக்குத் தொடுத்து வென்று, 1,000 ரூபாய் இழப்பீடும் பெற்றார். தண்டித்தவர் யார், காரணம் யாது என்பதை அன்று நாடே அறிந்திருந்தது. அறிந்ததனால்தான் கண்டனமும் எழுந்தது, வழக்கும் நடந்தது.

38 ஆண்டுகளுக்குப் பின் அதே நிறுவனம் வேறு வகையான தடையைச் சந்தித்தது. அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் விலங்கிடப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்ட நேரம் அது. அதிபர் டிரம்ப் அருகில் பிரதமர் மோடி விலங்குடன் அமர்ந்திருப்பதாக ஒரு கருத்துப் படத்தை 2025 பிப்ரவரியில் விகடன் பிளஸ் மின்னிதழ் வெளியிட்டது. பிப்ரவரி 15 ஆம் நாள் பா.ஜ.க.வின் மாநிலத் தலைவராக அப்போது இருந்த அண்ணாமலை புகார் அளித்தார். அன்று மாலையே பலருக்கு விகடன் இணையத்தளம் திறக்கவில்லை. படம் மட்டுமன்று, சமையற் குறிப்பும் சிறுகதையும் பழைய கட்டுரைகளும் சேர்ந்தே மறைந்தன. அரசின் அறிவிப்பு அதற்குப் பின்னரே நிறுவனத்துக்குக் கிடைத்தது.

சென்னையில் இருப்பவர், தளம் திறக்காவிட்டால் தெருமுனைக் கடையில் இதழை வாங்கிக்கொள்வார். தில்லியில் பயிலும் நம்மில் பலருக்கு இணையந்தான் தெருமுனைக் கடை. ஆகவே இத்தடை எவ்வாறு நடைபெறுகிறது, எந்தச் சட்டத்தின்படி நடைபெறுகிறது என்பதை நாம் அறிந்துகொள்வது நலம்.

தடை நடைபெறும் முறை

ஒவ்வொரு தளமும் இருக்கும் கணினிக்கு ஓர் எண் முகவரி உண்டு. நாம் தளத்தின் பெயரைத் தட்டியதும், பெயருக்குரிய எண்ணைக் கூறும் ஒரு வழங்கியிடம் நம் கருவி கேட்கிறது. இணையச் சேவை நிறுவனம் அவ்விடத்திலேயே தவறான விடையைத் தரலாம். இது முதல் வழி. எண் முகவரிக்குச் செல்லும் பாதையையே அடைக்கலாம். இது இரண்டாம் வழி. ஆனால் ஒரே எண்ணில் பல தளங்கள் குடியிருப்பதால், தொடர்பில்லாத தளங்களும் அடைபடும். மூன்றாம் வழி, இணைப்புத் தொடங்கும்போது வெளிப்படையாகச் செல்லும் தளத்தின் பெயரைப் பார்த்து இணைப்பை அறுத்துவிடுவது. நிறுவனத்துக்கு நிறுவனம் வழி மாறுபடுவதால், ஒருவர் கைபேசியில் திறக்காத தளம் அடுத்த அறை நண்பரின் கைபேசியில் திறப்பதுண்டு.

இம்மூன்று வழிகளுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. இன்று பெரும்பாலான தளங்கள் மறையாக்கம் பெற்ற இணைப்பிலேயே இயங்குகின்றன. நாம் எந்தத் தளத்துக்குச் செல்கிறோம் என்பதைச் சேவை நிறுவனம் காண முடியும். எந்தப் பக்கத்தைப் படிக்கிறோம் என்பதைக் காண முடியாது. தபால்காரர் உறையின்மேல் உள்ள முகவரியைப் படிக்கலாம். உள்ளே உள்ள கடிதத்தைப் படிக்க இயலாது. ஒரு கடிதத்தை நிறுத்துமாறு அவரிடம் சொன்னால், அந்த வீட்டின் எல்லாக் கடிதங்களையும் அவர் நிறுத்த வேண்டியதுதான். ஒரு படத்துக்காக ஒரு தளமே மறைவது இதனால்தான்.

மறையாக்கம் பரவுவதற்கு முன்னும் இக்கதை நிகழ்ந்ததுண்டு. 2003 செப்டம்பரில் மேகாலயம் பற்றிய ஒரே ஒரு யாஹூ குழுவைத் தடுக்க ஆணை பிறந்தது. சேவை நிறுவனங்கள் யாஹூ குழுக்கள் அனைத்தையும் அடைத்தன. 2006 ஜூலையில் சில பக்கங்களைத் தடுக்கச் சொன்னபோது பிளாக்ஸ்பாட் முழுவதுமே மறைந்தது. 2012 இல் ‘3’ முதலிய திரைப்படங்களின் திருட்டுப் படிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் இட்ட ஆணையால் விமியோ போன்ற தளங்கள் முழுமையாக அடைபட்டன. குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே தடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் அவ்வாண்டு ஜூனில் விளக்க நேர்ந்தது. அன்று எளிய வழி என்று பெருந்தடையைக் கையாண்டனர். இன்றோ, சேவை நிறுவனத்துக்கு வேறு வழியே இல்லை.

சட்டம் கூறுவது யாது?

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69அ பிரிவு, தடை விதிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளிக்கிறது. நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு ஆகியவையும், இவை தொடர்பான குற்றங்களைத் தூண்டாமல் தடுப்பதுமே அதற்குரிய காரணங்கள். தலைவர் ஒருவரைக் கேலி செய்வது இப்பட்டியலில் இல்லை. தடைக்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்பதும் சட்டமே.

வானியற்பியல் பயின்ற 21 வயதுத் தில்லிப் பெண் ஷ்ரேயா சிங்கல் 2012 இல் தொடுத்த வழக்கில், 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் 66அ பிரிவைச் செல்லாது என்றது. 69அ பிரிவையோ நிலைநிறுத்தியது. எழுத்தில் காரணம் இருப்பதால், பாதிக்கப்பட்டவர் அதனை எதிர்த்து நீதிமன்றம் செல்லலாம் என்பது அதற்குக் கூறப்பட்ட ஒரு விளக்கம்.

ஆனால் 2009 ஆம் ஆண்டு விதிகளில் 16 ஆம் விதி, புகாரையும் நடவடிக்கையையும் இரகசியமாகக் காக்கச் சொல்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேட்டாலும், இவ்விதியைக் காட்டி மறுப்பது வழக்கமாகிவிட்டது. காணாத ஆணையை ஒருவர் எங்ஙனம் எதிர்ப்பார்? தடைகளை மறு ஆய்வு செய்யும் குழுவிலும் அரசுச் செயலாளர்களே உள்ளனர். நீதிபதி ஒருவரும் இல்லை. அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்கின்படி 2018 இல் 2,799 முகவரிகளும் 2020 இல் 9,849 முகவரிகளும் தடுக்கப்பட்டன. அவற்றுள் எவை தகுந்தவை, எவை தகாதவை என்று ஆராய நமக்கு வழியில்லை.

தடையே கூடாது என்பது நம் வாதம் அன்று. குழந்தைகளைக் கெடுக்கும் படங்களையும் கொலைக்குத் தூண்டும் அழைப்புகளையும் தடுக்கத்தான் வேண்டும். உரிமையாளர் முகமறியாதவராய் ஒளிந்திருக்கும் தளத்துக்கு முன்னறிவிப்பு எங்கே அனுப்புவது என்று கேட்பதும் நியாயமே. ஆனால் விகடன் ஒளிந்திருக்கவில்லை. 1926 முதல் பெயரும் முகவரியும் அச்சிட்டு வரும் நிறுவனம் அது.

2025 மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இட்ட இடைக்கால ஆணை இங்கே நமக்குப் பாடமாகும். சர்ச்சைக்குரிய பக்கத்தை விகடன் தற்காலிகமாக நீக்குக. நீக்கியதும் அரசு தளத்தைத் திறந்துவிடுக என்றது நீதிமன்றம். அந்தப் படம் சட்டத்தின் தடைக்குள் வருமா என்ற கேள்வியை அன்று அது முடிவு செய்யவில்லை. ஆயினும் ஓர் உண்மை விளங்கிற்று. சேவை நிறுவனத்தால் செய்ய முடியாததைத் தளத்தின் உரிமையாளர் செய்ய முடியும். ஒரு பக்கத்தை மட்டும் தொடக்கூடிய கருவி அவர் கையில்தான் உள்ளது. எனவே முன்னறிவிப்பு என்பது வெறும் மரியாதை அன்று. தடையை அளவோடு நிறுத்தும் தொழில்நுட்பமே அதுதான்.

மற்றொரு சிறு கருவியும் உண்டு. சட்டத்தால் தடுக்கப்பட்ட பக்கம் என்று வாசகருக்குத் தெரிவிக்க, 2016 இல் இணையத் தர அமைப்பு 451 என்ற குறியெண்ணை வெளியிட்டது. நூல்கள் எரிக்கப்படும் உலகைக் கூறும் ரே பிராட்பரியின் ‘பாரன்ஹீட் 451’ நாவலின் நினைவாக அவ்வெண் அமைந்தது. யார் ஆணை, எந்தச் சட்டம் என்ற விளக்கத்தையும் அப்பக்கத்தில் எழுதலாம். நம் நாட்டிலோ, தடுக்கப்பட்ட தளமும் பழுதுபட்ட தளமும் பல வேளைகளில் ஒன்றுபோலவே தோன்றுகின்றன.

நண்பர்களே! ஒரு தளம் திறக்கவில்லையெனில், “நெட் சரியில்லை” என்று கூறிவிட்டு நகர வேண்டாம். வேறு நிறுவனத்தின் இணைப்பில் திறந்து பாருங்கள். நாளையும் நேரத்தையும் இணைப்பையும் குறித்து வையுங்கள். ஆய்வுக்கூடத்தில் நாம் நாள்தோறும் செய்யும் வேலைதான் இது. ஆணையின் படியை எழுதியவருக்குக் கொடுங்கள், காரணத்தை வாசகருக்குச் சொல்லுங்கள், மறு ஆய்வுக் குழுவில் நீதிபதியை அமர்த்துங்கள் என்று நாம் கேட்பதற்கு அந்தக் குறிப்புகளே சான்றாக நிற்கும்.